சி.ஐ.டி. அண்ணன் கொடுத்த வாக்குமூலம்

பழங்காநத்தத்தில் சி.ஐ.டி. அண்ணனின் சந்தேகத்திலிருந்து தப்பித்த ஜீவராசி ஒன்றுகூடக் கிடையாது. பெயருக்குத்தான் வாடகை சைக்கிள் கடை; முழுநேர வேலை தெருவைக் கண்காணிப்பது. புதுசாகக் குடிவந்த தம்பதியிடம் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் பார்த்த மனுஷன்.

எண்பதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அணுமின் நிலையத்தில் பயிற்சி ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ எல்லாம் தாண்டி மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. அண்ணன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"குண்டு செய்யிற எடத்துக்கு ஒன்னைய எதுக்குடா கூப்புடுறான்?"

"குண்டு இல்லண்ணே, கரண்டு."

"கரண்டு எடுக்க ஒன் ரத்தம் எதுக்கு? எனக்கு இது சரியாப் படல மாப்ள."

அதிலும் தேறினேன். மிச்சம் போலீஸ் விசாரணை ஒன்றுதான். ஆள் யோக்கியன், இதே விலாசத்தில்தான் இருக்கிறான் என்று ஸ்டேஷனிலிருந்து எழுதிப் போனால்தான் வேலை. அப்பாவுக்கு மில் வேலை போய் ஆறு மாதம். இதை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை.

ஒரு சாயங்காலம் அண்ணன் என்னைக் கடைக்குள் இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"என்ன செஞ்சு தொலைச்சேன்னு நான் கேக்கல. மத்தியானம் ஒருத்தன் மப்டியில வந்து ஒன்னைய விசாரிச்சான். வேட்டி கட்டியிருக்கான், கால்ல பூட்ஸு. எங்கிட்டயா? ஒன்னையக் காட்டிக் குடுத்துருவேனா? அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நாலு கடையிலயும் அதையே சொல்ல வச்சிட்டேன். எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளேண்ணே. அவரு வேலைக்காக விசாரிக்க வந்தவரு." விவரம் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அண்ணன் முகம் செத்துப்போனது. கடையைச் சாத்தினார். போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காதவர், என்னைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனார்.

மத்தியானம் வந்த ஏட்டய்யாதான் உட்கார்ந்திருந்தார். "அப்ப இல்லாதவன் இப்ப எங்கேருந்துய்யா மொளைச்சான்? ஒன்னைய எப்படி நம்புறது?"

அண்ணன் கைகட்டி நின்றார். "நம்ப வேணாங்கய்யா, எழுதிக்கிட்டு விசாரிங்க. ஏழு வருசமா இவன் மேல எனக்குச் சந்தேகம். எத்தனை மணிக்குப் போறான், யாரோட பேசுறான், எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். பசுமலை வரைக்கும் சைக்கிள்ல பின்னாலயே போயிருக்கேன். அம்புட்டுப் பாத்தும் பயலுகிட்ட ஒரு தப்பு அகப்படலைங்கய்யா."

சொல்லும்போது குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது. ஏட்டய்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

வேலை கிடைத்தது. அதிலேயே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கே போகிறேன், எப்போது திரும்புகிறேன் என்று அத்தனை அக்கறையாக என்னைப் பார்த்துக்கொள்ள அப்புறம் ஒருத்தரும் எனக்கு வாய்க்கவில்லை.