மூன்று நிறத்தில் ஒரு கணவர்

மனைவி மறுபடியும் தன் மடியில் வந்து உட்கார்ந்தபோது, சால்டர் சார் கையிலிருந்த வெந்நீர் டம்ளர் அவர் தொடையிலேயே கவிழ்ந்தது.

"ஐயோ! இங்கயா இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என் நாற்காலியில நான் உட்கார்றதுக்கு அறிவிப்பு வேற குடுக்கணுமா?"

"இருட்டா இருக்குங்க, கவனிக்கல."

இருட்டெல்லாம் இல்லை, மழை மூட்டம்தான். அவள் கண் நரம்பு நலிந்துவருகிறது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் சால்டர் சார், உள்ளே மட்டும் போகமாட்டார். மருந்து வாடை ஆகாது என்பார். உண்மையில் பயம். அவள் வெளியே வந்து, "அப்படியேதான் இருக்காம்" என்பாள். அவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

ஓய்வு பெற்றதிலிருந்து வயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் கருவியும் கையுமாகத் திரிவதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் தன்மேல் வந்து மோதுவதற்கும் ஒரு வழி செய்தார். நூல் மாதிரி வளைந்து, முழு நீளத்துக்கும் நீலமாக ஒளிரும் வயரை வாங்கிவந்து சட்டை ஓரமெல்லாம் தைத்தார். அதற்குக் கரன்ட் கொடுக்கும் தீப்பெட்டி அளவு டப்பா பைக்குள் போனது. சுவிட்சைப் போட்டதும் சட்டை ஒளிர்ந்தது. டப்பா கொசு மாதிரி 'ங்ங்ங்' என்று ரீங்காரமிட்டது.

"தெரியறேனா?"

அவள் நேராக அவரைப் பார்த்துத் திரும்பினாள். "பளிச்சுனு தெரியறீங்க!"

அதன்பிறகு மோதலே இல்லை. அவர் எந்த மூலையில் இருந்தாலும் டீயைத் தேடி வந்து கையில் கொடுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ரீங்காரம்தான் தொல்லை. கொசு என்று நினைத்துத் தன்னையே அறைந்து அறைந்து அவர் கன்னம் வீங்கிப்போயிற்று. டப்பாவை ஸ்பாஞ்சில் சுற்றினார். சத்தம் அடங்கியது.

"அது பாட்டுக்குக் கத்திட்டுப் போகட்டுமேங்க."

"கொசுவோட குடும்பம் நடத்த என்னால முடியாதும்மா."

அன்றைக்கே அடுக்களை வாசலில் மோதிக்கொண்டார்கள்.  அவள் பார்வை இன்னும் மங்கிவிட்டதோ? காலரைச் சுற்றிச் சிவப்பு வயர் தைத்தார். அவள் தரையோடு சேர்த்து அவர் பாதத்தையும் துடைத்துவிட்டுப் போனாள். பேன்ட்டில் பச்சை வயர் ஏறியது. டப்பா மூன்றாயிற்று. மூன்றுக்கும் தடியாக ஸ்பாஞ்ச்.

மறுநாள் வராந்தாவில் மழையைப் பார்த்தபடி நின்றவர் மேல் ஈரப் போர்வை ஒன்று வந்து விழுந்தது. உதறுவதற்குள் காதருகே ஒரு கிளிப்பும் ஏறியது. பைக்குள் தண்ணீர் இறங்கி, சுரீர் என்று ஒரு ஷாக். போர்வையோடு துள்ளி வாளிக்குள் கால் விட்டார்.

"என்னம்மா இது? மூணு கலர்ல எரிஞ்சிட்டு நிக்கிறேன், என்னையா துணிக்கொடியாக்குற?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. 

"ரொம்ப வெளிச்சமா இருக்கா... கண்ணு கூசிருச்சுங்க."

அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. தன் ஆர்வக்கோளாறில் மிச்சப் பார்வையையும் கெடுத்துவிட்டோமோ? சட்டையைக் காயவைத்து, பையில் சுருட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கண் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே போய்விட்டார். டாக்டர் இல்லை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள்.

"எங்க வீட்டம்மா போன வாரம் வந்தாங்களே, அவங்க கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் தாங்கும்மா? அதுக்குத் தக்கபடி இதைக் குறைச்சிடறேன்" என்று சட்டையை விரித்து, ஸ்பாஞ்சை உருவி, சுவிட்சைப் போட்டுக் காட்டினார்.

'ங்ங்ங்' சத்தம் கேட்டதும் நர்ஸின் முகம் மலர்ந்தது.

"கண்ணு ரெண்டும் முழுசாப் போயி ஆறு மாசமாச்சு, ஆனா என் வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிடுவேன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களே, அந்தச் சட்டையா சார் இது?"