நெருங்கிய வட்டாரம்

எல்லையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கையில் டீ கிளாஸோடு போர் நடத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நீங்கள் இறங்குவதற்குள் இரண்டு விமானதளங்களைத் தகர்த்துவிட்டு, சில்லறை இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த இனத்தின் லட்சணங்கள் அத்தனையும் ஒரே ஆளிடம் பொருந்தியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், 2002-ஆம் வருடத்து ஓசூரில், சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் மூன்றாம் எண்ணுக்குப் போக வேண்டும். அங்கேதான் அண்ணாதுரை இருந்தார்.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர். கியர் செய்யும் ஆலையில் பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்ஷன் வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கியரைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார். மேனேஜரே வந்து சொன்னாலும் தானே ஒருமுறை அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஆலைக்குள் அப்படி. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எது வந்தாலும் அப்படியே பாஸ்.

அந்த வருடம் முழுக்க எல்லையில் படைகள் குவிந்து நின்றன. டிவியில் வரைபடம் வந்தது, வரைபடத்தின் மேல் சிவப்பு அம்பு வந்தது, அம்புக்குப் பின்னால் முரசுச் சத்தம் வந்தது. முரசு கேட்டதும் அண்ணாதுரை சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். இலக்கணம்கூட மாறிவிடும். ஆலை ஓவர்டைம் கேட்டால் 'அவங்க' கேட்டார்கள். பீரங்கி நகர்ந்தால் 'நாம' நகர்த்தினோம். போர் தொடங்கினால் எத்தனை நாளில் முடியும் என்பதைச் சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் ஒரு வாரம் என்றும், டீக்கடை நாராயணப்பனிடம் தெலுங்கில் நான்கு நாள் என்றும், மற்றவர்களிடம் தமிழில் இரண்டே நாள் என்றும் சொல்லி வந்தார். தாய்மொழியில் வேகம் கூடுவது இயல்புதானே? காவிரித் தகராறில் பஸ் ஓடாத நாள்களில் இதே மனிதர் பக்கத்திலேயே கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கம்கூடத் தலைகாட்டியதில்லை என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

யாராவது, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். வட்டாரம். ராணுவ வட்டாரம், தில்லி வட்டாரம், நம்பத்தகுந்த வட்டாரம். செய்தி வாசிக்கிறவர்கள் சொல்லுகிற அதே கனத்தோடு, கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு சொல்வார்.

நான்காம் எண் வீட்டுப் பார்வதிக்கு டிவி கிடையாது. உத்தனப்பள்ளிக்காரி, புருஷன் இல்லை, ஒரே மகன் ஆனந்த் சிப்பாயாக ராஜஸ்தான் எல்லையில் நின்றுகொண்டிருந்தான். மகள் சத்யப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட ஆனந்த் வர வேண்டும். தினமும் அண்ணாதுரை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்வதி செய்தி பார்த்தது அதற்காகத்தான். அம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. லீவு விடுவார்களா என்று ஒன்றை மட்டும் கேட்பாள்.

"வட்டாரத்துல சொல்லிட்டாங்க தங்கச்சி, லீவு கிடையாது" என்பார் அண்ணாதுரை, அதைத் தானே ரத்து செய்தது போல.

பார்வதி யோசித்தாள். எல்லாவற்றையும் சொல்லுகிறது வட்டாரம்தான் என்றால், அந்த வட்டாரத்தையே நேரில் பார்த்துக் கேட்டுவிட்டால் என்ன? வட்டாரம் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தொகுப்பு வீட்டுக்கு எழுதிக் கொடுக்க ஒருமுறை போயிருக்கிறாள். வாசலில் பெரிதாக எழுதியிருக்கும், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று. ஒரு திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு மகனுக்குப் பத்து நாள் லீவு விடச் சொல்லும்படி மகளை விட்டு மனு எழுதிக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

அங்கிருந்த எழுத்தர் மனுவை இரண்டு தடவை படித்தார். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இந்த வட்டாரம் ஏரி, ரோடு, கக்கூஸ் கட்டுகிற வட்டாரம், மனு மகனின் ரெஜிமெண்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, விலாசம் எழுதவும் உதவினார். வேறு வேலையாக அங்கே வந்திருந்த முனிவேல் இதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்; மகன், லீவு, மனு என்பது மட்டும் காதில் விழுந்தது. முனிவேல் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார், கூடவே ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஓசூர் நிருபர். அன்று சாயங்காலம் நாராயணப்பன் கடையில் அண்ணாதுரையைப் பிடித்து, மகன் லீவு விஷயமாக ஏதோ மனுவாமே, உங்கள் பக்கத்து வீட்டு அம்மா எப்படி என்று விசாரித்தார்.

அண்ணாதுரைக்கு மனுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

"லீவு கேட்கிற ஆளா அது? இன்னொரு மகன் இருந்தா அவனையும் அனுப்பிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்" என்றார். டீயைக் குடித்தார். மறந்துவிட்டார்.

மறுநாள் பத்திரிகையில், கொடிப் படத்துக்குக் கீழே, ஐந்தாம் பக்கத்தில் வந்தது: 'மகனுக்கு லீவு வேண்டாம்: ஓசூர் வீரத்தாய் மனு.' இன்னொரு மகன் இருந்தால் அவனையும் அனுப்பத் தயார் என்று அவர் உருக்கமாகக் கூறியதாக, அவருக்கு நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன.

அண்ணாதுரை அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. பக்கத்து வீட்டில் இப்படி ஒரு தாயா, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார். அந்த நெருங்கிய வட்டாரம் யாராக இருக்கும் என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் பார்வதிக்குப் படித்துக் காட்டினார்.

"நான் லீவு கேட்டுத்தானேங்கண்ணா போனன்?" என்றாள் பார்வதி.

"அது நீங்க கேட்டது தங்கச்சி. இது பேப்பர்ல வந்தது."

லைன் வீட்டுக்காரர்கள் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அண்ணாதுரை செய்தியைப் பத்து ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் கண்ணாடி போட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். ஒன்றை ஆனந்தின் விலாசத்துக்குத் தன் செலவில் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். எழுத்தர் சொன்னபடி பார்வதி அனுப்பிய மனு சாதாரணத் தபாலில் போயிற்று.

ஆவணி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஆனந்திடமிருந்து கடிதம் வந்தது. அண்ணாதுரை வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது; சத்யப்ரியா வாசலில் நின்றபடியே படித்தாள்.

'அம்மா, பேப்பர் வந்துச்சு. ஆபீசர் அதை என்னையே இந்தியில சொல்லச் சொன்னார். நீ சொன்னதை எல்லார் முன்னாடியும் சொன்னேன். கைதட்டினாங்க. இந்த மாசம் லீவு என்னோட முறை. உன் மனு அதுக்கு மறுநாள்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் லீவு வேணும்னு போய் நிக்க வெக்கமா இருந்துச்சு. கான்பூர்க்காரன் ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்துட்டேன். சத்யா கோவிச்சுக்காம இருக்கச் சொல்லு.'

சத்யப்ரியா கடிதத்தை மடித்தாள். அண்ணாதுரை எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தார். அந்த வருடத்தில் அதுவே முதல் தடவை.

பார்வதி சுவரில் மாட்டியிருந்த தன் செய்தியைப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்கு நெருங்கின வட்டாரம்னு போட்டிருக்குதே, அது யாருங்க?"

அண்ணாதுரைக்கு அப்போதுதான் நாராயணப்பன் கடை டீயின் ருசி நாக்குக்கு வந்தது. பதினெட்டு வருடமாக ஒரு பிசகைக்கூடத் தவறவிடாத மனிதர்.

"அது... தில்லிப் பக்கத்து ஆளுங்கம்மா" என்றார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மச்சான் மோதிரத்தைப் பெரியப்பா மகன் ஒருவன் போட்டான். பார்வதி அந்த நேரம் பந்திப் பக்கம் போய்விட்டாள். ஐப்பசியில் படைகள் எல்லையிலிருந்து திரும்பின. போர் நடக்கவே இல்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கு அண்ணாதுரையிடம் வட்டாரங்கள் ஒரு காரணம் சொல்லியிருந்தன.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சரி, சந்தோஷம். ஆனால் நாளைக்கு யாரிடமாவது இதைச் சொல்லத்தான் போகிறீர்கள். ஓசூரில் ஒரு தாய் என்று ஆரம்பிப்பீர்கள். ஆனந்துக்குக் கண்ணிவெடியில் கால் போய்விட்டது என்றும் சேர்த்துக்கொள்வீர்கள். கொஞ்சம் எடுப்பாக இருக்குமே. கேட்கிறவர், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்பார்.

என்ன சொல்வீர்கள்?