ஒரு கையெழுத்து பாக்கி

"அனுமதி செல்லாது" என்றது திரை.

டோக்கன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாஸ்வேர்டை மறுபடியும் தட்டினான். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. திரைக்கு அந்த மரியாதையெல்லாம் புரியவில்லை. மறுபடியும் "அனுமதி செல்லாது."

அந்த வாசகத்தை எழுதி வைத்தவனே அவன்தான்.

டோக்கன் என்பது ஆபீசில் அவனுக்கு வைத்த பேர். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு வெப்சைட் நடத்துகிற கம்பெனி அது. நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே ரிப்போர்ட் பார்க்கலாம். ஊழியர்களுக்கும் அதே வாசல்தான். நுழைகிறவருக்கு ஒரு மெஷின் டோக்கன் போட்டுக் கொடுக்கும்: இன்னார், இன்ன நேரம்வரை செல்லும் என்று எழுதி, ரகசியச் சாவியை வைத்து அடியில் ஒரு கையெழுத்து. இன்னொரு மெஷின் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்து உள்ளே விடும். இரண்டு வேலைக்கும், யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதிப் பொதுவில் விட்டிருந்த லைப்ரரி ஒன்று, அதாவது ஆயத்த புரோகிராம் மூட்டை, இருந்தது. அதை எடுத்துப் பொருத்தியது நம்ம டோக்கன்.

லைப்ரரி என்னவோ ஒழுங்கான பிறவிதான். ஒருவரை வெளியே தள்ளினால் ஏன் தள்ளினேன் என்று காரணத்தைத் தனித்தனியாகச் சொல்லும். அத்தனை காரணத்துக்கும் வாசகம் எழுத டோக்கனுக்குத்தான் சோம்பல். கையெழுத்துத் தப்பானாலும் சரி, நேரம் தாண்டினாலும் சரி, ஆளே இல்லாவிட்டாலும் சரி, "அனுமதி செல்லாது" என்று ஒரே போடாகப் போட்டு வைத்திருந்தான். இப்போது எது செல்லவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம்தான் சரிபார்க்கிற மெஷினில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தான். செய்த கையோடு மேனேஜர் வந்து, "நாளைக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போனார். இதே வாக்கியத்தை இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் கேட்டிருக்கிறான். இரண்டிலும் மறுநாள் மத்தியானமே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான்.

காலையில் மனைவி சொல்லி அனுப்பினாள். "இந்த வேலையாவது நிலைக்கட்டும்ங்க. மறுபடியும் எங்க அண்ணன் வாசல்ல போய் நிக்க என்னால ஆகாது." கோபமாகச் சொல்லியிருந்தாலும் தேவலை. கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

அந்த நினைப்பிலேயே லேட்டாக வேறு வந்து சேர்ந்தான். வாசலில் செக்யூரிட்டி, "டோக்கன் சார், ஒரு கையெழுத்து!" என்று கூவினார். லேட்டாக வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கென்று அவரிடம் ஒரு நோட்டு உண்டு. இன்றைக்குப் பார்த்து அதில் பேர் ஏறினால் வேறு வினையே வேண்டாம். "அப்புறம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே, முன்னால் போனவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கதவுக்குள் நழுவிவிட்டான். கார்டைக்கூடக் காட்டவில்லை.

யாருக்கும் தெரியாமல் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தான். இந்த நினைப்புதான் அவனைப் பிடித்த பழைய வியாதி.

சரிபார்க்கிற மெஷின் முந்தின நாளிலிருந்து அவன் மேஜையில் திறந்தே கிடந்தது. முதலில் நேரத்தைச் சந்தேகப்பட்டான். டோக்கன் செல்லுபடியாகும் நேரத்தை நீட்டிப் பார்த்தான். செல்லாது. பிறகு சாவியைச் சந்தேகப்பட்டான். இரண்டு மெஷினிலும் ஒரே சாவி இருந்தால்தான் கையெழுத்து ஒத்துப்போகும். எதற்கு வம்பு, புதிதாகவே போட்டுவிடலாம் என்று சரிபார்க்கிற மெஷினில் சாவியை மாற்றினான். பழைய சாவியை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. ரகசியச் சாவியைக் குறித்து வைக்கக்கூடாது என்று ஆபீஸ் முழுக்க வகுப்பெடுத்தவனே அவன்தான். புதுச் சாவியை டோக்கன் போடுகிற மெஷினிலும் போடப் போனான். அது அவனுடைய பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்தான்.

"அனுமதி செல்லாது."

இப்போது ஒரு மெஷினில் பழைய சாவி, இன்னொன்றில் புதுச் சாவி; இனி யாருடைய கையெழுத்தும் ஒத்துப்போகாது. அப்புறம் போன்கள் அடிக்க ஆரம்பித்தன.

வாடிக்கையாளர் போனைக் கவனிக்கிற அக்கா காதில் ஹெட்போனோடு எழுந்து வந்தாள். "தம்பி, யாராலயும் உள்ள போக முடியலையாம்."

"யாராலயுமா?"

"எனக்கே செல்லலைப்பா. கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இங்க இருக்கேன், என்னைப் பார்த்து யாருன்னு கேக்குது."

"கொஞ்சம் பொறுங்கக்கா, பண்ணிடறேன்."

"சீக்கிரம் பண்ணு. பெரியவர் ஒருத்தர் லைன்ல அழறாரு. ரிப்போர்ட் இல்லாம டாக்டர் பார்க்க மாட்டேங்கறாராம்."

வேலை போனால் போகட்டும், ஒரு பெரியவரை அழவிட்ட பாவம் வேண்டாம் என்று தோன்றியது. சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு மாதிரி நோயாளியை முன்பு உருவாக்கி வைத்திருந்தான். கையெழுத்து ஒத்துப்போகாதவர்களை அந்த மாதிரி நோயாளியின் பேரில் உள்ளே விட்டுவிடு என்று அவசரமாக ஒரு வரி எழுதினான். முதலில் கதவு திறக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போன்கள் நின்றன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். முதுகு நாற்காலியைத் தொடுவதற்குள் மறுபடியும் அடித்தன.

அக்கா இந்தத் தடவை மெதுவாக நடந்து வந்தாள். "தம்பி, அந்தப் பெரியவர் மறுபடியும் பேசினாரு."

"ரிப்போர்ட் பார்த்துட்டாராக்கா?"

"பார்த்துட்டாரு. முழுகாம இருக்காராம்."

டோக்கன் அந்த மாதிரி நோயாளியின் ரிப்போர்ட்டைத் திறந்தான். "கர்ப்பம் உறுதி" என்று இருந்தது.

"எத்தனாவது மாசம்னு போடலையேன்னு கேக்கறாருப்பா. நான் என்னத்தச் சொல்ல?"

"அவர் ஒருத்தர்தானேக்கா?"

"ஊரே முழுகாம இருக்கு தம்பி. அடியில வாழ்த்துகள்னு வேற போட்டிருக்கியாமே!"

போட்டுத்தான் இருந்தான். மாதிரி நோயாளிதானே, ஒரு நல்ல சேதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏதோ ஒரு சந்தோஷமான நாளில் எழுதியது. அப்படி ஒரு நாள் இருந்ததையே இப்போது நம்ப முடியவில்லை.

"அப்புறம், செக்யூரிட்டி கீழேயிருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நீ ஏதோ கையெழுத்துப் போடணுமாம்."

"நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்கக்கா."

"அதையும் நீயே வந்து கையெழுத்துப் போட்டுச் சொல்லணும்பாரு அந்த மனுஷன்."

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அவன் கடைசியில்தான் செய்தான். அந்த ஒற்றை வாசகத்தை எடுத்துவிட்டு, உண்மையான காரணத்தை அப்படியே காட்டும்படி மாற்றினான். தன் பேரைப் போட்டு நுழைந்து பார்த்தான்.

"இந்த ஐடி இன்று காலை நிறுத்தப்பட்டது. மேனேஜர் உத்தரவு."

இரண்டு முறை படித்தான். ஆக, நேரத்தில் தப்பில்லை. சாவியில் தப்பில்லை. அவன் எழுதியதெல்லாம் காலையிலிருந்து கச்சிதமாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அவனைத்தான் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்பதுகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்து ஊரைக் கர்ப்பமாக்கிக்கொண்டிருந்திருக்கிறான். சிரிப்பு வருமா என்று பார்த்தான். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

தள்ளிவிடுவதற்கு முன்னால் நாமாகவே இறங்கிவிடுவோம், அந்த மானமாவது மிஞ்சட்டும் என்று எழுந்து மேனேஜர் அறைக்குப் போனான். அவர் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு இரண்டிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் இரண்டையும் வைத்தார்.

"யார் வேலை இது?"

"என் வேலைதான் சார். புதுச் சாவி இந்தச் சீட்டுல இருக்கு. டோக்கன் போடற மெஷின்லயும் இதைப் போடச் சொல்லுங்க, நான் எழுதின கடைசி வரியை எடுத்துடச் சொல்லுங்க. சரியாயிடும்."

"நீங்களா? நேத்துத்தானே உங்ககிட்ட பேசணும்னு சொன்னேன்!"

"என்ன பேசப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் சார்."

மேனேஜர் அவனையே பார்த்தார். "தெரியுமா? தெரிஞ்சுமா இப்படிப் பண்ணினீங்க?"

"தெரிஞ்சதுக்கப்புறம் இங்க உக்கார மனசு வரல சார். நானே ராஜினாமா பண்ணிடறேன்."

மேனேஜர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். "உங்களைப் பத்தி மேலிடத்துல நான் எவ்வளவு சொல்லி வெச்சிருந்தேன்." குரல் தழுதழுத்தது. அதற்குள் இரண்டு போனும் மறுபடியும் அடித்தன. "போங்க. இனிமே பேசறதுக்கு என்ன இருக்கு?"

அவருக்கு இவ்வளவு வருத்தம் இருக்கும் என்று டோக்கன் எதிர்பார்க்கவில்லை. நல்ல மனுஷன், வெளியே அனுப்புகிறவனுக்காகக்கூடக் கலங்குகிறாரே என்று நினைத்துக்கொண்டான்.

படிக்கட்டில் நின்று மனைவிக்குப் போன் பண்ணினான்.

"வேலையை விட்டுட்டேன்."

"விட்டீங்களா, விடச் சொன்னாங்களா?"

"சொல்றதுக்குள்ள நானே விட்டுட்டேன்."

"சரி, வெயில்ல நடந்து வராதீங்க. பஸ்ல வாங்க" என்றாள். அவள் திட்டியிருக்கலாம் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

வாசலில் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிச் செக்யூரிட்டியின் மேஜைமேல் வைத்தான். "இந்தாங்க. எங்க போடணுமோ காட்டுங்க, அந்தக் கையெழுத்தையும் போட்டுடறேன்."

செக்யூரிட்டி நிம்மதியாகப் பேனாவை நீட்டினார். மேஜை டிராயரைத் திறந்து, பளபளவென்று ஒரு புதுக் கார்டை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"இதுக்குத்தான் சார் காலையிலேர்ந்து கத்தறேன், இன்னியிலேர்ந்து நீங்க டீம் லீடராம், பழைய ஐடியை நிறுத்திட்டோம், கையெழுத்து வாங்காம புதுசைக் குடுத்துடாதீங்கன்னு மேனேஜர் அத்தனை சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனாரு!"