மஞ்சள் தண்ணீருக்கு அசையாத தொரை

உலகத்தில் எத்தனை நாடு இருக்கிறது என்று தெரியாமலேயே உலகம் முழுவதையும் தெரிந்து வைத்திருந்த மனிதர் எங்கள் பிரிபிரிக்காரர் ஒருவர்தான்.

செம்மறியாட்டுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் பிரிபிரி. எங்கள் தோட்டத்தில் செம்பனை மரத்தடிப் புல்லை மேய ஆடு வாங்கிவிட்ட நாளிலிருந்து அவர்தான் அவற்றுக்குக் காவல். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் எழுதும் கிராணிக்கு மட்டும் தெரியும். ஒரு கல்யாணத்துக்காகச் சுங்கை சோ வரை போய் வந்ததுதான் அவருடைய தூரப் பயணம். மற்றபடி புக்கிட் ரோத்தானே அவருக்கு வெளியூர்.

ஆனால் ஆட்டுப்பட்டியின் பலகைச் சுவரில், மிருக வைத்திய ஆபீசர் எப்போதோ ஒட்டிவிட்டுப் போன உலக ஆடுகளின் படம் ஒன்று இருந்தது. தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டே பிரிபிரிக்காரர் அதை மனப்பாடம் பண்ணிவிட்டார். ஆபீசர் வரும்போதெல்லாம் அவரை நிற்க வைத்து மீதியைக் கேட்டுக்கொண்டார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு வருடம் அந்தப் பட்டியைக் கூட்டியிருக்கிறேன். பூகோளம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். ஸ்பெயின் தேசத்து மெரினோவுக்கு ரோமம் பட்டு மாதிரி, கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அரபு நாட்டு ஆடு வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பஞ்ச காலத்தில் அதை வைத்துப் பிழைக்கும். இங்கிலாந்துக்கு வடக்கே ஒரு தீவில் கடற்பாசி தின்று வாழும் ஆடுகூட உண்டாம். அதை மட்டும் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் நம்பவில்லை.

"பாசி தின்னா கறி உப்பா இருக்குமாண்ணே?" என்று ஒருவன் சீண்டினான்.

"நீ தெனம் கருவாடு தின்னுற. ஒன்ன எவனாச்சும் நக்கிப் பாத்தானா?" என்றார் இவர்.

ஆட்டோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர்களையும் சேர்த்துக்கொண்டார். எங்களை வேலை வாங்கும் மண்டோருக்குக் கழுத்தில் மூன்று மடிப்பு இருந்ததால் அவர் மெரினோ. நீண்ட காலும் பின்பக்கக் கனமுமாக நடக்கும் கிராணி ஆப்பிரிக்காவின் டமாரா. இரண்டாம் முறையும் இரட்டைப் பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுப் பெண் பார்படோஸ். "அந்தச் சாதி ஒத்தக் குட்டி போட்டா அதுக்கே வெக்கமா இருக்கும்" என்று அவள் மாமியாரிடமே சொன்னார். நான் எந்த ஆடு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் புக்கிட் ரோத்தான் பாய் கடையில், கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிற வெள்ளைக்கார ஜோடி ஒன்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. எந்த ஊர் என்று விசாரித்தார். வேல்ஸ் என்றார்கள்.

உடனே எழுந்து நின்றுவிட்டார். "வேல்ஸ்! மவுண்டன் ஷீப்! ஒயிட் பேஸ்! ஸ்மால் இயர்!"

அந்த அம்மாள் பயந்துபோய்த் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். புருசன்காரனோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டான். அவன் தாத்தா அதே மலையாட்டை வளர்த்தவராம். இவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டுதான் போனான்.

"பாத்தியா லெச்சுமி, எல்லா ஊர்லயும் நமக்கு ஆளு இருக்கு" என்றார் மறுநாள் என்னிடம். நான் சிரித்துவிட்டுக் கூட்டப் போய்விட்டேன். எனக்கு ஆண்களோடு நின்று பேச வராது. அவரை அண்ணே என்றுகூடக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பதோடு சரி.

எங்கள் பட்டியில் இருந்ததெல்லாம் ரோமமில்லாத பார்படோஸ் ஆடுகள். புதிதாகப் பார்க்கிறவர்கள் வெள்ளாடு என்றுதான் நினைப்பார்கள். "வாலப் பாருய்யா! தூக்கிக்கிட்டு நின்னா வெள்ளாடு, தொங்குனா செம்மறி" என்று கத்துவார். ரோமம் உள்ளது ஒன்றே ஒன்றுதான். டோர்செட் என்கிற இங்கிலாந்துச் சாதிக் கிடாய். காதைச் சுற்றி வளைந்த கொம்பு, மூட்டை மாதிரி உடம்பு. தாய் செத்த குட்டியை அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். பெயர் தொரை. நம் வெயிலுக்கு ஆகாத சாதி என்பதால் தினமும் ரப்பர் குழாயால் குளிப்பாட்டுவார். தொரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

அந்தத் தொரைக்குத்தான் வந்தது ஆபத்து. ரோம ஆடு லாபமில்லை, முனியாண்டி பூசைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மண்டோர் வந்து தொரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல சைஸ் லா! லயம் பூராவுக்கும் கறி காணும்."

பிரிபிரிக்காரர் அமைதியாக, "சாமிக்குத்தானே, தாராளமா. ஆனா முறையா உத்தரவு கேட்டுத்தான் வெட்டணும்" என்றார்.

உத்தரவு என்றால், கிடாய்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காமல் வெட்டக்கூடாது.

அந்த வாரம் தொரைக்கு ரோமம் வெட்ட வேண்டிய வாரம். கத்திரி எடுத்து வரவா என்று கேட்டேன்.

"கத்திரி தொலஞ்சு போச்சு" என்றார். அவர் சட்டைப்பையில் அதன் கைப்பிடி தெரிந்தது.

பூசையன்று தொரைக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். ஒரு செம்பு ஊற்றினார்கள். தொரை அசையவில்லை. அந்தச் சாதி ரோமம் விரல் நீளம், எண்ணெய்ப் பசை. மழையில் நின்றாலும் தோல் நனையாது. ஒரு வாளி ஊற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டது. தலையில் ஊற்றினார்கள். நாக்கை நீட்டிக் குடித்தது.

"ஏதோ குத்தம் நடந்திருக்கு" என்றார் பூசாரி. ஆளாளுக்கு முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். கிராணி எதற்கோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏழாவது வாளியில் பூசாரிக்குத் தோள் வலி வந்துவிட்டது.

"சாமிக்கு இஷ்டமில்லன்னா நாம என்ன செய்ய முடியும்?" என்று பிரிபிரிக்காரர் கைகூப்பினார். அவர் முகத்தில் இருந்த பக்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசியில் கோழி அறுத்தார்கள். மண்டோர் தொரையின் காலில் விழுந்து கும்பிட்டார்.

பட்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. அவருக்கும்தான். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மழை நின்று வெயில் கொளுத்தியது. தொரை வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அவர் கத்திரியை எடுத்தார். மண்டோர் ஓடி வந்தார்.

"சாமி ஆடுண்ணே! அதுமேல கத்திரி படலாமா? முனி என்னத்தான் கேப்பாரு!"

"உசுரு போயிரும்யா."

"அப்படின்னா ரோமத்த எடுத்த பெறவு மறுபடி உத்தரவு கேட்டுப் பாப்போம். சாமி சிலிர்க்கச் சொன்னா பூசைக்கே வெட்டிருவோம்."

ரோமத்தை எடுத்த வெறுந்தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தொரை சிலிர்த்துவிடும். எடுக்காவிட்டால் வெயிலே கொன்றுவிடும். பிரிபிரிக்காரர் தன் வீட்டு மின்விசிறியைப் பட்டிக்குக் கொண்டு வந்தார். பாய் கடையில் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். நானும் விசிறினேன். நாலு நாள் தொரை புல் தின்னவில்லை. அவரும் சோறு தின்னவில்லை, படத்தையும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் சொன்னார். "கேமரன் மலையில என் அக்கா மகன் காய்கறி போடுறான். அங்க இவனுக்குக் குளிரு ஒத்துக்கும். மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். வேலைய விட்டுட்டேன்."

ஒரு ஆட்டுக்காகவா என்று லயமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

காலையில் லோரி வந்தது. தொரையை ஏற்றிக் கட்டினோம். அவர் ஏறாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒலகத்துல எத்தனையோ சாதி ஆடு இருக்கு லெச்சுமி. எதுவும் ஒண்டியா மேயாது" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படின்னா ஒரு பொட்டையையும் ஏத்திக்குங்க" என்றேன்.

அவர் முறுக்கிய கயிற்றைப் பிரித்துவிட்டார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று போய் ஒரு பார்படோஸ் பெட்டையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார்.

பட்டியை இன்றும் நான்தான் கூட்டுகிறேன். தொரை மலையில் துள்ளித் திரிகிறதாம், இரண்டு முறை ரோமமும் வெட்டியாயிற்றாம்.

அந்த லோரியின் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். டிரைவர் ஒருவர், இவர் ஒருவர். வண்டி மெயின் ரோட்டில் திரும்பும் வரை நான் அந்த மூன்றாவது இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.