இரண்டு காவலர்களும் கடைசி பெஞ்சுக்காரரும்

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்காவ், போர்தாவிலிருந்து எர்மெலிந்தா பாரெட்டோ எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் இந்த மழையில் ஒழுகாத கூரையின் கீழ் சுகமாக இருக்க இறைவன் அருள்வாராக. முழங்காலைத் தவிர நானும் சுகமே. பதினான்கு வருடங்களாகத் தங்கள் வார இதழுக்கு எழுதும் என் கடிதம் எதிலும் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. இதில் இருந்தால் அதற்கு என் வீட்டுக் கணினியே பொறுப்பு.

அந்தக் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கின்றன. சிவப்புச் சின்னம் உள்ளதை, பஹ்ரைனிலிருந்து விடுமுறைக்கு வந்த, ஞானத்தாயான என்னை மத்ரீன் என்று கூப்பிடும் என் ஞானப்பிள்ளை சாவியோ போட்டான். பச்சைச் சின்னம் உள்ளதைக் கீழ்வீட்டு காமத் போட்டார். மின்சார இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடம் தவறாமல் மாம்பழம் கொடுத்தனுப்புபவர். வலிய வந்து உதவி செய்த இருவரில் ஒருவரை வெளியே போகச் சொல்ல எங்கள் கான்வென்டில் கற்றுத்தரவில்லை, ஆகையால் இரண்டையும் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் ஓர் எழுத்தைத் தட்டினால், ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் அது திரைக்கு வரும். போதாததற்குச் சிவப்பு பச்சையைக் கள்வன் என்றது, பச்சை சிவப்பைக் கள்வன் என்றது. காமத்தைக் கூப்பிட்டேன்.

"மிஸஸ் பாரெட்டோ, ஒரு வாசலுக்கு ரெண்டு காவல்காரன் எதுக்கு? ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஒண்ணை எடுத்துடுங்க."

"எதை?"

"சிவப்பைத்தான்."

"அப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரியும்," என்றேன்.

எப்படியோ ஒரு சமாதானம் ஏற்பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் அல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தேட வேண்டும். சென்ற செவ்வாய்க்கிழமை மதிய உணவுக்குப் பிறகு சிவப்பு ஆரம்பித்தது. ஐயா, நான் அதில் வைத்திருப்பது பதினோரு கோப்புகள். அது எண்ணியதோ நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். என் தையல் மேசை மேல் ஓர் ஊரே குடியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயராகத் திரையில் ஓட, நான் புனிதர் மன்றாட்டு மாலை கேட்பதுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு முறை என்னை அறியாமல் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றும் சொல்லிவிட்டேன்.

திடீரென்று ஒரு பெயரில் அது நின்றது. 'கடைசி பெஞ்சுக்காரன்.' ஆபத்தானது, நீக்கவா என்று கேட்டது.

அந்தப் பெயர் தங்களுக்குத் தெரியும். நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் மறுவாரமே தங்கள் இதழில் மறுப்பு எழுதியவன். பூசையில் கிதார் கூடாது என்று நான் எழுதினால், பாடகர் குழுவில் சுருதி சேர்ந்திருப்பது கிதார் ஒன்றுதான் என்று எழுதியவன். அது பேராசிரியர் லியோபோல்டு என்று நானே முடிவுகட்டி, ஒன்பது வருடங்கள் மீன் சந்தையில் அவருக்கு வணக்கம் சொல்லாமல் இருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் அவன் கடிதங்கள் நின்றபோது, வாயை அடைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். இப்போது எதிரி என் கணினிக்குள்ளேயே புகுந்துவிட்டானே என்று சாவியோவுக்குப் போன் செய்தேன்.

"மத்ரீன், சிவப்பு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு நீக்குங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க."

"நீக்கினால் திரும்ப வருமா?"

"வரவே வராது. அதான் நிம்மதி."

நீக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டேன். ஆனால் ஒரு சாட்சி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. காமத்தைக் கூப்பிட்டுப் பச்சையை ஏவினேன். அது அதே இடத்துக்கு வந்தது, முகர்ந்து பார்த்தது, குற்றமில்லை என்று போய்விட்டது.

"ரொம்ப பழைய கோப்புங்க. பழசைக் கண்டாலே சிவப்புக்குச் சந்தேகம்," என்றார் காமத். "திறந்து பாருங்க. எதுக்கும் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிடறேன்."

உள்ளே அறுபத்து மூன்று கடிதங்கள். முதல் கடிதத்தின் தலைப்பில், அச்சில் வராத ஒரு குறிப்பு: 'எர்மிக்கு இந்த அளவு கோபம் போதாது. இன்னும் கொஞ்சம் காரம் சேர்க்க வேண்டும்.'

எர்மி என்று என்னைக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான், ஐயா. இரண்டு வருடங்களுக்கு முன் காலமான என் கணவர் கயெத்தான். முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதற்கே தயங்கியவர். கடைசி பெஞ்சுக்காரனின் கடிதத்தை நான் காலையில் பாவ் ரொட்டியும் தேநீருமாக உரக்கப் படித்துக் கொதிக்கும்போது, எதிரில் உட்கார்ந்து, "விடாதே எர்மி, அவனுக்கு நல்லா கொடு," என்று சொல்லி, எனக்குக் காகிதமும் எடுத்துக் கொடுத்தவர். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசைந்ததில்லை. நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை நினைத்தால் அது எனக்கு ஒன்றுமே இல்லை. காமத் தேநீர் ஆறுகிறது என்று மூன்று முறை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை.

ஆகவே தாங்கள் அடுத்த இதழில் கட்டம் கட்டி வெளியிட வேண்டியது: கடைசி பெஞ்சுக்காரர் என்பவர் காலஞ்சென்ற திரு. கயெத்தான் பாரெட்டோ, அவர் கேட்ட கேள்விகள் யாவற்றுக்கும் அவருடைய மனைவியால் உரிய முறையில் பதிலளிக்கப்பட்டுவிட்டது, இனி அந்தப் பெயரில் எவரும் எழுதலாகாது. பேராசிரியர் லியோபோல்டிடம் நான் நேரிலேயே பேசிக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் ஆசிகள். அச்சுப்பிழை திருத்துபவருக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக.

இப்படிக்கு,
எர்மெலிந்தா பாரெட்டோ

பின்குறிப்பு: மேலே கேட்டதை வெளியிட வேண்டாம். பீடத்தில் பிளாஸ்டிக் பூ வைப்பதைக் கண்டித்துச் சென்ற ஞாயிறு தாங்கள் வெளியிட்ட என் கடிதத்துக்கு ஒரு மறுப்பு இணைத்திருக்கிறேன். கையெழுத்து, கடைசி பெஞ்சுக்காரன். நான்கு நாட்களாக எழுதினேன். அவர் அளவுக்கு வரவில்லை. இரண்டாம் பத்தியில் என்னைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். தயவுசெய்து ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள்.