நிலவறை வாசலில் உங்கள் சோபா

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் நாங்கள் இருவரும் நலம். எல்லையில்தான் நிலைமை சரியில்லை. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சோபாவை உடனே எடுத்துக்கொண்டு போகவும்.

காரணம் சொல்லாமல் கேட்பது மரியாதை இல்லை. பக்கத்து நாடு எல்லையில் படையைக் குவித்ததிலிருந்து, ஒவ்வொரு குடியிருப்பின் நிலவறையும் பதுங்கிடமாக வேண்டும் என்று நம் அரசு உத்தரவு போட்டுவிட்டது. எங்கள் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் நான். ஓய்வு பெற்றவன், சும்மாதானே இருக்கிறான் என்று எல்லோரும் கை தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு விசிலும் ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். நிலவறையைத் திறந்தால், உள்ளே முதல் மாடி டிரைவிங் ஸ்கூல்காரரின் பழைய டயர்கள், இரண்டாம் மாடி பல் டாக்டரின் உடைந்த நாற்காலி, அதற்குமேல் இடமில்லாமல் வாசலை மறித்துக்கொண்டு, "ரெண்டே மாசம் இருக்கட்டும் மாப்ளே" என்று சொல்லி மூன்று வருடம் முன்பு நீங்கள் இறக்கிவிட்டுப் போன சோபா.

டயரை எடுக்கச் சொன்னால் டிரைவிங் ஸ்கூல்காரர், "முதல்ல டாக்டர் நாற்காலி போகட்டும்" என்கிறார். டாக்டரோ, "ரெண்டும் ஒரே நேரத்துல போகணும், பொதுவான ஆள் ஒருத்தர் நின்னு பாக்கணும்" என்கிறார். சரி, நானே நிற்கிறேன் என்றால் இருவரும் ஒற்றுமையாகி, "உங்க மச்சான் சோபா கிடக்குது, நீங்க எப்படி சார் பொது?" என்கிறார்கள். ஏவுகணைகளைக் குறைக்க வல்லரசுகள் ஏன் வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கின்றன என்று டிவியைப் பார்த்துத் திட்டியவன் நான். இப்போதெல்லாம் திட்டுவதில்லை.

சென்ற ஞாயிறு ஒத்திகை. சைரன் ஊதியது, நான் விசில் ஊதினேன், எல்லோரும் இறங்கி வந்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் செருப்புக் காலோடு உங்கள் சோபாவை ஏறித் தாண்டினார். டாக்டர் தாண்ட மனமில்லாமல் அதிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். தங்கள் தங்கை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிவரை வந்தாள், பார்த்தாள், திரும்பி மேலே போய்விட்டாள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, "யாராவது பாக்கியா?" என்றார். "என் மனைவி" என்றேன். "அப்ப அவங்க இறந்துட்டதா எழுதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டார்.

ஒத்திகைதான், தெரியும். ஆனாலும் உடனே மேலே ஓடினேன். படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அவள் சமையலறையில் இருந்தாள். "நீ செத்துட்டியாம்" என்றேன். "சரி, இந்த பாட்டில் மூடியைத் திறந்து குடுங்க, இறுகிக் கிடக்கு" என்றாள். மூன்று முறை திருகியும் திறக்க முடியவில்லை.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். வரும் ஞாயிறு மறு ஒத்திகை. அதற்குள் லாரியோடு வந்தால் டீ உண்டு. வராவிட்டால் தச்சரைக் கூப்பிட்டு நாலு துண்டாக அறுத்துத் தெருவில் போடுவேன். உறவு முறிந்தாலும் சரி, என் மனைவி என்னோடு அந்த நிலவறைக்குள் இருந்தாக வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். சோபா தூக்கும் அளவுக்கு உங்கள் இடுப்பு நீடூழி உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
(கட்டடப் பாதுகாப்புப் பொறுப்பாளர்)

பி.கு.: உறையை ஒட்டும் முன் தங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "வழி இல்லாமலா நான் திரும்பிப் போனேன்? எங்கண்ணன் சோபாவுல அந்த டாக்டர் சாய்ஞ்சிருந்தார். நான் எங்க உட்கார்றது? நீங்க அங்க போடப்போற பெஞ்சுல உட்கார்ந்தா இந்த முழங்கால் எழுந்திருக்க விடாது. சோபா இருந்தா வர்றேன், இல்லேன்னா குண்டு விழுந்தாலும் மேலதான்" என்கிறாள். எனவே லாரி வேண்டாம். யார் முதலில் என்று கேட்காமல் டயர்களை நானே தெருவில் உருட்டிவிட்டு, சோபாவை உள்ளே தள்ளப் போகிறேன். அதே செட்டில் உங்களிடம் ஒற்றை இருக்கை ஒன்று இருக்கிறதே, அதையும் ஞாயிற்றுக்குள் அனுப்பவும். நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். டாக்டர் காலை மடக்கி அவளுக்கு இடம் விடுவாரே தவிர, சோபாவை விட்டு எழுந்திருக்கிற ஆளாகத் தெரியவில்லை.