எமன் வரைந்த கோயில்

கட்டிடங்களைக் கொல்லக்கூடிய ஒரே மனிதர் கனடாவின் ஸ்காபரோவில்தான் இருந்தார். அவரிடம் புல்டோசர் கிடையாது. ஒரு மடிப்பு முக்காலி, தகரப் பெட்டிக்குள் நீர்வர்ணம், நுனி தேய்ந்த தூரிகைகள், அவ்வளவுதான். இங்கிலாந்திலிருந்து வந்த ஓவியர். நாங்கள் வைத்த பெயர் எமன்.

பழைய தேவாலயங்களையும் வரலாற்றுக் கட்டிடங்களையும் தவிர எதையும் வரைய மாட்டார். அஜின்கோர்ட்டில் ஒரு பழைய தபாற்கந்தோரை வரைந்தார். அடுத்த வசந்தத்தில் அங்கே பெருங்குழி. ஸ்ரௌவ்வில்லில் செங்கல் பண்ணைவீடு ஒன்றை வரைந்தபோது, வர்ணம் காயுமுன்பே இடித்துவிட்டார்கள் என்று பேச்சு. அது மிகை. படம் முடிந்தது ஓகஸ்டில், இடித்தது ஒக்ரோபரில்.

எங்கள் கோயிலுக்கு முன் அவர் முக்காலியை விரித்தது நவம்பர் இரண்டாம் ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு என்று அன்ரனி அண்ணை சொல்வது தவறு. வோபர்னில் இருந்த அந்தச் செங்கல் தேவாலயம் வேறொரு சபைக்குச் சொந்தம். ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பூசை வைத்தோம். ஊரில், போரில் ஷெல் விழுந்து கூரை போன கோயிலில் கலியாணம் முடித்தவர் அன்ரனி அண்ணை. இன்னொரு கோயிலை இழக்க அவர் ஆயத்தமாக இல்லை.

"உவரை இங்கயிருந்து எழுப்பு," என்றார் என்னிடம்.

"படம்தானே கீறுறார், அண்ணை."

"உவர் கீறின கட்டிடம் ஒண்டெண்டாலும் நிண்டதே?"

முதலில் மட்டன் ரோல்ஸ் கொடுத்து அனுப்பப் பார்த்தோம். நன்றி சொல்லிச் சாப்பிட்டார்; எழும்பவில்லை. அண்ணை தன் வான் வண்டியைக் கொண்டுவந்து வேலியோரம், கோயில் முகப்பு மறையும்படி நிறுத்தினார். எமன் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு மேலே தெரிந்த கூரையிலிருந்து வரையத் தொடங்கினார். குளிரில் பற்றரி செத்து வான் அங்கேயே நின்றது. வர்ணம் கரைக்கும் தண்ணீர் உறையாமலிருக்க எமன் அதில் வொட்கா கலந்தார். "குடிச்சுக் குடிச்செல்லோ கீறுறான்," என்றார்கள் பூசைக்கு வந்த அன்ரிமார்.

ஜனவரியில் கூரையும் கோபுரமும் முடிந்தன. வானைக் கொஞ்சம் தள்ள முடியுமா, கதவை வரைய வேண்டும் என்று எமன் கேட்டார். அண்ணைக்குப் பொறுமை போயிற்று. ஏன் சாகப்போகிற கட்டிடங்களாகப் பார்த்து வருகிறாய் என்று ஆங்கிலத்தில் சீறினார்.

எமன் திகைத்தார். "நகரசபையின் அறிவித்தல் பலகையைப் பார்த்துத்தான் வருகிறேன். இடிக்க முன் வந்துவிட வேண்டுமே. உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்? ரோல்ஸைக்கூடத் துக்கவீட்டுச் சாப்பாடு என்றே நினைத்தேன்."

"எந்தப் பலகை?"

"உங்கள் வானுக்குப் பின்னால் இருக்கிறதே, அது."

எல்லோருமாக வானைத் தள்ளினோம். பலகையில் கோயில் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி ஒன்றின் படம் இருந்தது. ஆட்சேபம் சொல்ல வரும்படி அழைத்த பொதுக்கூட்டத்தின் திகதியை நான்தான் உரக்க வாசித்தேன். கூட்டம் முந்தின கிழமையே முடிந்திருந்தது.

அண்ணை பனியிலேயே குந்திவிட்டார். "நானெல்லோ மறைச்சு வைச்சனான்."

போயிருந்தாலும் இடித்திருப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அவர் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

அடுத்த நாளிலிருந்து அண்ணை எமனுக்குக் குடை பிடித்தார். "கதவில ஒரு வெடிப்பு இருக்கு, அதையும் கீறச் சொல்லு," என்பார் என்னிடம். எமன் அதை ஏற்கெனவே வரைந்திருப்பார். வெள்ளை வர்ணமே அவரிடம் இல்லை. பனி கிடந்த இடங்களில் தாளைத் தொடாமல் விட்டார். முடிந்த படத்தை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பலகையைத் தேடிப் போனார்.

ஏப்ரலில் கோயிலை இடித்தார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை. பீடத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம். வருகிற அன்ரிமார் முதலில் அதைப் பார்த்துத்தான் சிலுவை அடையாளம் போடுகிறார்கள்.

போன கோடையில் எமன் செத்துப்போனார். இங்கே உறவென்று யாரும் இல்லை. நவம்பர் மாதப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து வந்த ஃபாதர், அண்ணை எழுதிக் கொடுத்திருந்த ஓர் ஆங்கிலப் பெயரில் நின்றார்.

"இது ஆர், அன்ரனி? எங்கட சனமோ?"

அண்ணை எழும்பி நின்றார்.

"ஓம் ஃபாதர். எங்கட ஆள்தான். வாசியுங்கோ."